நாட்டுப்புறத்தானும் நாடும்: ஓர் இலத்தீன் சொல்லின் இரண்டாயிரம் ஆண்டுப் பயணம்

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

ஆங்கிலத்தில் ‘பெசன்ட்’ என்றால் குடியானவன். ‘பேகன்’ என்றால் பழைய தெய்வங்களை வணங்குகிறவன். பிரெஞ்சு மொழியில் ‘பேயி’ என்றால் நாடு. இத்தாலிய மொழியில் ‘பயேஸே’ என்றால் நாடு என்றும் பொருள், சின்ன ஊர் என்றும் பொருள். ஸ்பானிய மொழியில் ‘பைசானோ’ என்றால் நம்ம ஊர்க்காரன். சீருடை போடாத சாதாரண ஆளுக்கும் அதே சொல்தான்.

குடியானவன், விக்கிரகம் வணங்குபவன், நாடு, ஊர்க்காரன். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை போலத் தெரிகின்றன. ஆனால் இவை அனைத்தும் ஒரே தாயின் பிள்ளைகள். அந்தத் தாய் ‘பாகுஸ்’ என்ற இலத்தீன் சொல். கிராமத்து மனிதனைப் பற்றி யார் பேசினார்கள், எங்கிருந்து பேசினார்கள் என்பதைப் பொறுத்து ஒரு சொல் எப்படியெல்லாம் மாறும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

*முளையடித்த நிலம்*

‘பாகுஸ்’ என்ற சொல்லின் வேருக்கு ‘ஊன்றுதல், பொருத்தி நிறுத்துதல்’ என்று பொருள் என மொழியியலாளர் சொல்கின்றனர். எல்லைக்கு முளையடித்துப் பிரித்த நிலம் என்பதே அதன் முதற் கருத்தாக இருக்கலாம். நாம் புத்தகத்தில் புரட்டுகிற ‘பேஜ்’, இரண்டு பேர் செய்துகொள்ளும் ‘பெக்ட்’ என்கிற ஒப்பந்தம், சமாதானத்தைக் குறிக்கும் ‘பாக்ஸ்’ எல்லாம் இந்த வேரில் முளைத்தவைதான்.

உரோமருடைய நிர்வாகத்தில் பாகுஸ் என்பது சில கிராமங்கள் சேர்ந்த ஒரு சிறு பிரிவு. ஜூலியஸ் சீசர் தனது கோல் நாட்டுப் போர்க் குறிப்புகளில், இன்றைய சுவிட்சர்லாந்துப் பகுதியில் வாழ்ந்த ஹெல்வேத்தியர் நான்கு பாகுஸ்களாகப் பிரிந்திருந்தார்கள் என்று எழுதுகிறார். பாகுஸில் வசிப்பவன் ‘பாகானுஸ்’. அவ்வளவுதான். அதில் ஏச்சும் இல்லை, பேச்சும் இல்லை. எங்கே இருக்கிறாய் என்பதற்கான பதில் மட்டும்.

தமிழ் பேசுகிற நமக்கு இது விளங்காத விடயமல்ல. சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘நாடு’ என்பது சில ஊர்கள் சேர்ந்த சிறு பிரிவுதான். இன்று அதே சொல் ஒரு தேசத்தைக் குறிக்கிறது. ஆனால் ‘நாட்டுக்கோழி’, ‘நாட்டு மருந்து’, ‘நாட்டார் பாடல்’ என்று சொல்லும்போது பழைய கிராமத்து மணம் இன்னும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிரெஞ்சுக்காரர் ஒரு பிரதேசத்து வைனை ‘பேயி வைன்’ என்று சொல்வதும் இதே போலத்தான்.

*முதல் அவமானம்: சிப்பாயின் வாயிலிருந்து*

கி.பி. முதலாம் நூற்றாண்டில் இந்தச் சொல்லுக்கு ஒரு புதுப் பொருள் வந்து சேர்ந்தது. உரோமப் படைவீரர் தங்களில் சேராத பொதுமக்களை ‘பாகானுஸ்’ என்று அழைக்கத் தொடங்கினர். போர்க்களம் தெரியாதவன், வாள் பிடிக்கத் தெரியாதவன் என்ற இளக்காரம் அதில் இருந்தது.

கி.பி. 69ஆம் ஆண்டு உரோமில் பதவிப் போட்டியால் உள்நாட்டு யுத்தம். ஒரே வருடத்தில் நான்கு பேரரசர்கள். கிரெமோனா நகருக்கு அருகே நடந்த சண்டையில், பின்வாங்கி நின்ற பிரிட்டோரியக் காவற்படையினரை உசுப்பேற்ற தளபதி அந்தோனியுஸ் பிரிமுஸ் அவர்களை ‘பாகானுஸ்’ என்று திட்டியதாக வரலாற்றாசிரியர் தாசிதுஸ் பதிவு செய்திருக்கிறார். கிராமத்தானின் பெயர் ஒரு சிப்பாயை அவமதிக்கப் போதுமானதாக இருந்தது.

நகரத்துப் படித்தவர்களிடமும் இந்த மனநிலை இருந்தது. நகரம் என்ற பொருள்கொண்ட ‘ஊர்ப்ஸ்’ என்ற சொல்லிலிருந்து பண்பு, நயம் என்ற பொருளில் ‘ஊர்பானித்தாஸ்’ பிறந்தது. வயலைக் குறித்த ‘ரூஸ்’ என்ற சொல்லிலிருந்து முரட்டுத்தனம் என்ற பொருளில் ‘ருஸ்திசித்தாஸ்’ பிறந்தது. பிற்காலத்தில் ‘வில்லா’ என்ற பண்ணைத் தோட்டத்தில் வேலை செய்தவன் ‘வில்லானுஸ்’ ஆனான். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன அந்தச் சொல்தான் இன்று நாம் சினிமாவில் பார்க்கிற ‘வில்லன்’. பண்ணையில் மாடாய் உழைத்தவன் கதையில் கெட்டவனாகி விட்டான். பெயர் வைத்தவன் பண்ணையில் வேலை செய்தவன் அல்ல என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

*இரண்டாவது மாற்றம்: ஊரின் பெயர் மார்க்கத்தின் பெயராகிறது*

நான்காம் நூற்றாண்டில் உரோமப் பேரரசு கிறிஸ்தவத்தின் பக்கம் திரும்பியது. 313இல் கிறிஸ்தவர்களுக்கு வழிபாட்டுச் சுதந்திரம் கிடைத்தது. 380இல் அது அரச மதமானது. 392இல் பேரரசர் தியோடோசியுஸ் பழைய தெய்வங்களுக்குப் பலியிடுவதை முற்றாகத் தடை செய்தார். இந்தக் காலத்தில்தான் ‘பாகானுஸ்’ என்ற சொல் கிறிஸ்தவரல்லாதவர், பழைய தெய்வங்களை வணங்குபவர் என்ற பொருளில் பரவியது. 438இல் வெளியான தியோடோசியுஸ் சட்டத் தொகுப்பில் ‘பாகானுஸ்’ மக்கள், பலிகள், கோயில்கள் பற்றி ஒரு தனிப் பகுதியே இருக்கிறது. ஊரின் பெயர் சட்டத்தில் ஒரு குற்றத்தின் பெயராக ஏறிவிட்டது.

இது எப்படி நடந்தது? 417ஆம் ஆண்டளவில் ஒரோசியுஸ் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் ஒரு விளக்கம் தந்தார்: நகரங்கள் முதலில் கிறிஸ்தவத்தை ஏற்றன, நாட்டுப்புறத்தார் பழைய வழியில் நின்றார்கள், அதனால் அந்தப் பெயர். பல பாடநூல்களும் இதைத்தான் சொல்கின்றன.

ஆனால் சற்று யோசித்துப் பாருங்கள். 384இல் செனட் மண்டபத்திலிருந்து அகற்றப்பட்ட வெற்றித் தேவதையின் பலிபீடத்தைத் திரும்ப வைக்கும்படி பேரரசரிடம் மனுக் கொடுத்தவர் யார்? உரோம நகரத்தின் ஆளுநர் சிம்மாக்குஸ். பெரும் பணக்காரர், சிறந்த பேச்சாளர். பழைய சமயத்தைக் கடைசி வரை காத்து நின்றவர்களில் உரோமின் மேட்டுக்குடிப் பிரபுக்கள் பலர் இருந்தார்கள். மறுபக்கம், வட ஆபிரிக்காவின் கிராமப்புறங்களில் கிறிஸ்தவர்கள் நிறைந்திருந்தார்கள். ஆக, ‘கிராமத்தான்தான் மாறாதவன்’ என்ற கதை உண்மையின் ஒரு பகுதி மட்டுமே.

அதனால் அறிஞர் சிலர் வேறு விளக்கம் தருகின்றனர். கிறிஸ்தவர்கள் தங்களை ‘கிறிஸ்துவின் போர்வீரர்’ என்று அழைத்தார்கள்; படையில் சேராதவன் ‘பாகானுஸ்’ என்ற பழைய சிப்பாய் வழக்கு அப்படியே ஒட்டிக்கொண்டது என்கின்றனர். ‘நம் கூட்டத்தில் இல்லாத வெளியாள்’ என்ற பொதுப் பொருளில்தான் வந்தது என்போரும் உள்ளனர். எந்த விளக்கத்தை எடுத்தாலும் ஒன்று மாறவில்லை. செனட்டில் அமர்ந்த பிரபுவைத் தாழ்த்த நினைத்தபோதும் கைக்கு வந்த சொல் கிராமத்தானின் பெயர்தான்.

இங்கே நமக்கு நெருக்கமான ஒரு விடயத்தையும் சொல்ல வேண்டும். அரபு மொழியில் ‘கபர’ என்ற வேருக்கு மூடுதல், மறைத்தல் என்று பொருள். சத்தியத்தை மறைப்பவன் காபிர். விதையை மண்ணால் மூடுகிறவன் என்ற கருத்தில் விவசாயியையும் அதே சொல் குறிக்கும். அல்குர்ஆனில் சூரா அல்ஹதீத் 20ஆவது வசனத்தில் மழையால் முளைத்த பயிரைக் கண்டு மகிழ்வோர் பற்றி வரும் இடத்தில், ‘குப்பார்’ என்பது விவசாயிகளைக் குறிக்கிறது என்று முபஸ்ஸிரீன்கள் பலர் விளக்கியுள்ளனர். இலத்தீன் கதையும் இதுவும் ஒன்றல்ல. அங்கே கிராமத்தான் என்ற சொல்லே நிராகரிப்பவன் என்று மாறியது. இங்கே ஒரே வேர்ச்செயலில் இருந்து இரண்டு பொருளும் தனித்தனியே கிளைத்தன. உழவனை இழிவுபடுத்தி அந்தப் பொருள் பிறக்கவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெளிவாகும்.

*கிழமைகளின் பெயரையே மாற்றிய பிரசாரம்*

ஆறாம் நூற்றாண்டில், இன்றைய போர்த்துக்கலின் வடக்கே பிராகா நகரில் மார்ட்டின் என்றொரு ஆயர் இருந்தார். 570களின் தொடக்கத்தில் அவர் ‘நாட்டுப்புறத்தாரைத் திருத்துதல்’ பற்றி ஒரு பிரசங்கம் எழுதினார். கற்களுக்கும் மரங்களுக்கும் நீரூற்றுகளுக்கும் முச்சந்திகளுக்கும் விளக்கேற்றும் வழக்கத்தை அதில் கண்டித்தார். கிழமைகளைப் பழைய தெய்வங்களின் பெயரால் அழைப்பதும் கூடாது என்றார்.

பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் மக்கள் இன்றும் செவ்வாய்க்கிழமையை மார்ஸ் தெய்வத்தின் பெயரால்தான் சொல்கிறார்கள். போர்த்துக்கேயர் மட்டும் இரண்டாம் நாள், மூன்றாம் நாள் என்று எண்ணால் சொல்கிறார்கள். திங்கள் அவர்களுக்கு ‘செகுண்டா ஃபெய்ரா’, அதாவது இரண்டாம் நாள். நாம் அரபியில் திங்களை ‘இஸ்னைன்’ என்று சொல்வதும் அதே எண்தான்! இந்தப் போர்த்துக்கேய வழக்கத்தை ஆயர் மார்ட்டினின் பிரசாரத்தோடு தொடர்புபடுத்திச் சொல்வது வழமை.

*வீட்டுக்குள்ளிருந்து பிறந்த சொற்கள்*

மேலே இருந்தவர்கள் இப்படிப் பெயர் வைத்துக்கொண்டிருந்த அதே நேரம், கீழே வேறொன்று நடந்தது. பாகுஸிலிருந்து ‘பாகென்சிஸ்’ என்ற இன்னொரு சொல் கிளைத்தது. ‘பாகுஸுக்கு உரியது, பாகுஸுக்கு உரியவர்’ என்று பொருள். இது சாதாரண மக்களின் வாயில் தேய்ந்து தேய்ந்து பிரெஞ்சில் ‘பேயி’ ஆனது, இத்தாலியில் ‘பயேஸே’ ஆனது. ஸ்பானியரும் போர்த்துக்கேயரும் பிரெஞ்சிடமிருந்து கடன் வாங்கி ‘பாயிஸ்’ என்றார்கள்.

ஊரைக் குறித்த சொல் மெல்ல மெல்லப் பெரிதாகி நாட்டையே குறித்தது. பிரான்ஸில் பல பிரதேசப் பெயர்கள் பழைய கோல் குலங்களின் பெயரில் இருந்து வந்தவை: அஞ்சூ, பெர்ரி, புவாத்து போன்றவை. ஆட்சிகள் மாறின, பேரரசு விழுந்தது, ஊர்க்காரனின் ‘பேயி’ நின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலும் பிரெஞ்சுக் கிராமத்தவர் பலருக்குப் ‘பேயி’ என்றால் பிரான்ஸ் அல்ல, தான் பிறந்த சுற்றுவட்டாரம்தான் என்று வரலாற்றாசிரியர் யூஜின் வெபர் 1976இல் வெளிவந்த தனது நூலில் விரிவாகக் காட்டினார். பாடசாலை, கட்டாய இராணுவ சேவை, பாதைகள், புகையிரதம் ஆகியவை வந்த பிறகே அந்தச் சொல் தேசத்தின் அளவுக்கு வளர்ந்தது. வீட்டு நினைவில் வாடுவதைப் பிரெஞ்சுக்காரர் ‘பேயியின் நோவு’ என்ற பொருள்படச் சொல்வார்கள். வெளிநாட்டில் பிள்ளைகளை வைத்திருக்கும் நம் உம்மாமாருக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

இதே சொல்லிலிருந்து இயற்கைக் காட்சி என்ற பொருளில் பிரெஞ்சில் ‘பேயிசாஜ்’, ஸ்பானியத்தில் ‘பைசாஹே’ வந்தன. உழைக்கிறவனுக்கு அது வயல், தூரத்தில் நின்று பார்க்கிறவனுக்கு அது காட்சி. சிப்பாயின் பழைய இளக்காரமும் முற்றாகச் சாகவில்லை. ஸ்பெயினிலும் போர்த்துக்கலிலும் சீருடை இல்லாமல் வரும் பொலிஸ்காரரை இன்றும் ‘பைசானோ உடையில்’ வந்தார் என்கிறார்கள். கொலம்பியாவில் அந்தியோக்கியாப் பகுதி மக்கள் அதையே ‘பைசா’ என்று சுருக்கி, தங்களைப் பெருமையாக அழைத்துக்கொள்கிறார்கள்.

ருமேனியர் மட்டும் வேறு வழியில் போனார்கள். ‘பாகானுஸ்’ அவர்களிடம் ‘பகன்’ என்று வேற்று மதத்தானைக் குறிக்க மாத்திரம் நின்றது. நாட்டுக்கும் குடியானவனுக்கும் அவர்கள் மண் என்ற பொருள்கொண்ட ‘தெர்ரா’ என்ற இலத்தீன் சொல்லை எடுத்தார்கள். ‘ட்சாரா’ என்றால் நாடு, ‘ட்சரான்’ என்றால் குடியானவன். சொல் வேறு, பாதை அதே பாதை: மண்ணின் பெயரே நாட்டின் பெயர்.

*பெயரை மீட்டெடுத்தவர்கள்*

இந்தக் கதையில் எங்களை அதிகம் தொட்ட பகுதி கற்றலோனியாவுடையது. இன்றைய ஸ்பெயினின் வடகிழக்கு. அங்கே ‘பாகென்சிஸ்’ என்ற சொல் ‘பஜேஸ்’ என்று மாறி விவசாயியைக் குறித்தது.

மத்திய காலத்தில் அந்த பஜேஸ்களில் பெரும்பகுதியினர் நிலத்தோடு கட்டப்பட்ட அடிமைக் குடிகள். நிலப்பிரபுவுக்கு மீட்புப் பணம் கட்டாமல் நிலத்தை விட்டுப் போக முடியாது. அந்தப் பணத்துக்கு ‘ரெமென்சா’ என்று பெயர். உயில் எழுதாமல் இறந்தால் சொத்தில் பங்கு பிரபுவுக்கு. வாரிசு இல்லாமல் இறந்தாலும் பங்கு. வீடு தீப்பற்றினால் அதற்கும் தண்டம். இப்படி ஆறு வழக்கங்கள். மக்கள் அவற்றைக் ‘கெட்ட வழக்கங்கள்’ என்றே அழைத்தார்கள். இதற்கும் மேலாக, 1202இல் செர்வெரா நகரில் கூடிய சபை, தன் குடியானவனைக் கொடுமைப்படுத்தும் உரிமை பிரபுவுக்கு உண்டு, அதில் அரசன் தலையிட முடியாது என்று ஏற்றுக்கொண்டது. கொடுமை செய்வது ‘உரிமை’ என்று எழுத்தில் இருந்தது, உறவுகளே!

பஜேஸ்கள் எழுந்தார்கள். 1462 முதல் 1472 வரை ஒரு யுத்தம். 1484இல் மீண்டும் ஒன்று. இரண்டாவது எழுச்சியின் தலைவர் பெரே ஜோன் சாலா 1485இல் பார்சிலோனாவில் கொல்லப்பட்டார். ஆனால் போராட்டம் அத்தோடு முடியவில்லை. 1486 ஏப்ரல் 21ஆம் திகதி அரசர் பெர்டினாண்ட் குவாதலூப்பே என்ற இடத்தில் தீர்ப்பு வழங்கினார். ஒரு பண்ணைக்கு 60 சூ நாணயம் கட்டினால் ஆறு கெட்ட வழக்கங்களும் நீங்கும். கொடுமைப்படுத்தும் ‘உரிமை’ இரத்து. பஜேஸ் சுதந்திர மனிதன்.

அது முழு விடுதலை அல்ல. நிலம் பிரபுவின் பெயரில்தான் இருந்தது, குத்தகை தொடர்ந்தது. ஆனாலும் அந்தத் தீர்ப்புக்குப் பிறகு ‘பஜேஸ்’ என்ற சொல் தலைநிமிர்ந்தது. இன்று கற்றலோனியாவில் நல்ல ரொட்டியைப் ‘பஜேஸ் ரொட்டி’ என்று பெருமையாக விற்கிறார்கள். 1974இல் தொடங்கிய அங்குள்ள விவசாயிகள் சங்கத்தின் பெயரே ‘பஜேஸ்களின் ஒன்றியம்’. சொல் தானாக மரியாதை பெறவில்லை. அதைச் சுமந்தவர்கள் இரத்தம் சிந்தி மரியாதை வாங்கிக் கொடுத்தார்கள்.

ஆனால் நீதி எல்லோருக்கும் கிடைக்கவில்லை. அதே அரசர் பெர்டினாண்ட்தான் 1492இல் கிரனாடாவைக் கைப்பற்றியவர். பிறகு கட்டாயமாக மதம் மாற்றப்பட்ட முஸ்லிம்களின் சந்ததியினர் 1609க்கும் 1614க்கும் இடையில் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டனர். ஏறத்தாழ 3 இலட்சம் பேர். அவர்களில் பெரும்பாலோர் விவசாயிகள். வலென்சியா மாகாணம் தன் மக்கள்தொகையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இழந்தது. வயல்கள் ஆளில்லாமல் கிடந்தன.

மனிதர்களைத் துரத்தலாம், சொற்களைத் துரத்த முடியவில்லை. ஸ்பானிய மொழியில் வாய்க்காலுக்கு ‘அசேக்கியா’ என்று சொல்வது அரபு ‘அஸ்ஸாகியா’. கிராமத்துக்கு ‘அல்தெயா’ என்று சொல்வது அரபு ‘அழ்ழைஆ’, அதாவது விளைநிலம், பண்ணை. ஐபீரியாவில் ஊர்க்காரனுக்கு இலத்தீன் பெயர், அவன் வாழும் ஊருக்கு அரபுப் பெயர்!

*அந்தச் சொல் நம் கரைக்கும் வந்தது*

1505இல் போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்தார்கள். நாம் வரலாற்றுப் பாடத்தில் சொல்லிக்கொடுக்கும் ‘தோம்பு’, அவர்கள் தயாரித்த காணிப் பதிவேடு. அதில் நமது கிராமங்களை அவர்கள் எழுதிய சொல் ‘அல்தெய்யா’. அந்தலூஸில் முஸ்லிம் விவசாயி தன் பண்ணைக்கு வைத்த அரபுச் சொல், அவனைத் துரத்தியவர்களின் அயலவர் கைப்பட, நம் ஊர்களின் வரிப் பதிவேட்டில் ஏறியது. அதே போர்த்துக்கேயர்தான், மொரோக்கோப் பக்கத்து மக்களை உரோமர் அழைத்த ‘மௌருஸ்’ என்ற இலத்தீன் சொல்லை ‘மோரோ’ என்று கொண்டுவந்து நம் முன்னோர் மீது ஒட்டினார்கள். இன்றும் அரச ஆவணங்களில் ஆங்கிலத்தில் நாம் ‘மூர்’. நாம் தெரிவு செய்த பெயரல்ல. இடுகிறவன் கையில் அதிகாரம் இருந்தது, பெயர் நின்றுவிட்டது.

ஆகவே, பெயரால் தாழ்த்துவது என்ன என்பதை நாம் நன்கு அறிந்திருக்க வேண்டிய சமூகம். ஆனால் நம் வகுப்பறைகளில் என்ன கேட்கிறது? தூரத்துக் கிராமத்திலிருந்து, வயலடியிலிருந்து, காட்டோரக் குடியேற்றத்திலிருந்து பஸ் ஏறி வரும் பிள்ளையை ‘காட்டான்’, ‘பட்டிக்காட்டான்’ என்று டவுண் பிள்ளைகள் சொல்கிறார்கள். ஆசிரியர் ஓய்வறையிலும் சில நேரம் அந்தச் சொல் விழுகிறது. கலியாணப் பேச்சிலும் ‘அந்த ஊரா?’ என்று ஒரு இழுவை.

உரோமச் சிப்பாய் சொன்னதும் அதுதான். செர்வெராவில் கூடிய பிரபுக்கள் சட்டமாக்கியதும் அதன் அடுத்த படிதான். முதலில் ஏளனச் சொல் வரும். பிறகு அந்தச் சொல்லுக்கு உரியவனைக் கொடுமை செய்வது வழக்கமாகும். கடைசியில் அது ‘உரிமை’ என்று எழுதப்படும்.

நாம் ஆசிரியர்கள். ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளை ‘காட்டான்’ என்று அழைத்தால், அதட்டி உட்கார வைப்பதோடு நிறுத்த வேண்டாம். ‘நாடு’ என்ற சொல் எங்கே பிறந்தது என்று கேளுங்கள். நாம் சாப்பிடும் சோறு எந்த ஊர் வயலில் விளைந்தது என்று கேளுங்கள். பஜேஸ்களின் கதையைச் சொல்லுங்கள். பத்து நிமிடம் போதும்.

பெற்றோரே, உங்கள் பிள்ளைக்கு உங்கள் சொந்த ஊரின் பெயரைக் கூச்சமில்லாமல் சொல்லப் பழக்குங்கள். உங்கள் ஊர்களில் வெளியூரார் வைத்த ஏளனப் பெயர்கள், ஊரார் தாமே பெருமையாக வைத்துக்கொண்ட பெயர்கள் இருந்தால் கருத்துகளில் எழுதுங்கள். அவற்றை எங்கள் பிள்ளைகளோடு வகுப்பில் பேச விரும்புகிறோம்.

அல்லாஹ் நம் நாவுகளைப் பிறர் மனம் நோகடிப்பதிலிருந்து காப்பானாக.